நில் என்றால் இரண்டடி தள்ளி

பம்பரம் என்றால் அந்த இரும்புப் பட்டறையில் தெரியாதவர்கள் கிடையாது. வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்ள நேரம் எங்கே? சாப்பாட்டு மணி அடித்து மற்றப் பெண்கள் டப்பாவைத் திறந்து மூடியை எங்கே வைக்கலாம் என்று பார்ப்பதற்குள் இவள் தின்று, கழுவி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிற்பாள். உட்காரச் சொன்னால் நாற்காலியின் விளிம்பில் பாதி உட்காருவாள், மீதிப் பாதி எப்போது கிளம்பலாம் என்று காத்திருக்கும். கால்ல சுடுதண்ணி ஊத்திக்கிட்டே பொறந்தவ என்று அவள் மாமியார் சொன்னதுண்டு. அந்த அம்மாள் அதிகமாகப் பேசுகிறவர் அல்ல, பேசியதில் தப்பும் இல்லை.

அவளிடம் இன்னொரு குணம் இருந்தது. பின்னாலிருந்து "நில்லு" என்று கூப்பிட்டால் உடனே நிற்க மாட்டாள். இரண்டடி தள்ளிப் போய்த்தான் நிற்பாள், அப்புறம்தான் திரும்புவாள். அவள் வீட்டுக்காரர் தையல்காரர், நிதானமானவர், ஒரு பொத்தான் தைக்க உட்கார்ந்தால் பொத்தானே சலித்துப்போகும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் மனக்குறை. "கூப்பிட்ட இடத்துல நின்னா என்ன, கால் தேஞ்சா போயிடும்?" என்பார். "நின்னுட்டேன்ல?" என்பாள். "ரெண்டடி தள்ளி நின்ன." "அதுவும் நிக்கிறதுதான்." இந்த வழக்கு இருபது வருஷமாகத் தீர்ப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பட்டறையில் தண்ணீர்ப் பம்புகளுக்கான இரும்புக் கூடுகளை வார்த்தார்கள். அச்சிலிருந்து வெளியே வரும் கூடு சொரசொரவென்று பிசிறு பிசிறாக இருக்கும். அந்தப் பிசிறைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்து எடுப்பது இவள் வேலை. கிரைண்டிங் என்பார்கள். பொறி பறக்கும், காது அடைக்கும், தூசி மட்டும் எங்கேயும் பறக்காமல் நேராக நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முகமூடி போட்டும் போனது. முதலில் காலையில் இருமினாள். பிறகு மாடிப்படி ஏறும்போது இருமினாள். பிறகு சும்மா இருக்கும்போதும் இருமினாள், சும்மா இருப்பதே அபூர்வம் என்பதால் அதை அவளே தாமதமாகத்தான் கவனித்தாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அந்தத் தூசியை விட்டு வெளியே வாங்கம்மா. முடியலைன்னா வேலையை விட்டுடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அவள் காதில் ஒட்டிக்கொண்டது இரண்டாவது வாக்கியம்தான். வேலையை விட்டு வீட்டில் உட்காருவதா? நாலு சுவருக்குள் தையல் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு? இருமல்கூடப் பரவாயில்லை, வீட்டில் உட்காருவதுதான் அவளுக்குப் பெரிய வியாதி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எல்லாப் பாத்திரத்தையும் கழுவினாள், கழுவியதை மறுபடியும் கழுவினாள்.

அந்தச் சமயத்தில்தான் கிரேன் ஓட்டுகிறவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

கிரேன் என்றவுடன் தெருவில் நிற்கும் வண்டியை நினைக்க வேண்டாம். இது கூரைக்குக் கீழே ஓடுவது. கொட்டகையின் இரண்டு பக்கச் சுவரிலும் உயரத்தில் தண்டவாளம், அதன்மேல் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் பாலம் போட்டாற்போல ஓர் இரும்பு உத்தரம். உத்தரம் முன்னும் பின்னும் ஓடும். அதில் தொங்கும் கம்பிக் கயிற்றில் கொக்கி, கொக்கியில் சுமை. ஓரத்தில் கண்ணாடி அடைத்த ஒரு கூண்டு, அதில்தான் ஓட்டுகிறவர் உட்காருவார். தூசி அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடும். பம்பரம் கீழே நின்று சாணை பிடித்தபடி அந்தக் கூண்டை அண்ணாந்து பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள்.

"யாருக்குக் கிரேன் கத்துக்க விருப்பம்?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது அவர் கேள்வியை முடிக்கும் முன்பே இவள் கை மேலே இருந்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"பம்பரத்தைத் தூக்கி மேல வச்சா பட்டறையே சுத்தும் சார்" என்றார் கொக்கிக்காரர். சுமையில் சங்கிலி மாட்டிக் கொக்கியில் கோத்துவிடுவது அவர் வேலை. கிரேன் ஆடினால் முதலில் அடி வாங்குவது அவர் தலை என்பதால் அவர் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது. சூப்பர்வைசர் படபடவென்று பேசுகிற மனிதர், கெட்டவர் இல்லை. அவள் இருமலை அவரும் கேட்டிருந்தார். "கத்துக்க. ஆனா தண்ணிப் பரீட்சை தேறணும். மூணு வாய்ப்பு. அதுக்கு மேல மேலாளர் விட மாட்டார், அடுத்த கொட்டகையிலேர்ந்து ஆள் கொண்டுவந்துடுவார்" என்றார்.

தண்ணிப் பரீட்சை என்பது இதுதான். மூடியில்லாத டிரம்மில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பிக் கொக்கியில் மாட்டுவார்கள். கொட்டகையின் ஒரு முனையிலிருந்து கிளம்ப வேண்டும். தரையில் வெள்ளைக் கோட்டைத் தாண்டும்போது சூப்பர்வைசர் கையைத் தூக்குவார். கொஞ்சம் தள்ளி மஞ்சள் கோடு. டிரம் அதைத் தொடுவதற்குள் நின்றுவிட வேண்டும், ஆடாமல் நிற்க வேண்டும். தரையில் தண்ணீர் பட்டால் போச்சு. உருக்கிய இரும்பைத் தூக்கப்போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான பரீட்சை வைக்க முடியாது, தண்ணீர் சிந்தினால் யாருக்கும் கால் வேகாது.

லிவரில் மூன்று பல் இருந்தது. சுழியில் இருந்தால் உத்தரம் நிற்கும், முதல் பல்லில் நகரும், இரண்டாவதில் நடக்கும், மூன்றாவதில் ஓடும். பயிற்சிக்குச் சில வாரம் கிடைத்தது. எந்த லிவர் எதற்கு, எந்த மணி எப்போது அடிக்க வேண்டும், எல்லாம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கூண்டில் இருக்கும்போது இருமவே இல்லை என்பதையும் கவனித்தாள். அதைக் கவனித்த பிறகு அந்தக் கூண்டு வேண்டும், வேண்டும், வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

முதல் பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதே அவளுக்குச் செய்யும் மரியாதை. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். எடுத்த எடுப்பில் மூன்றாவது பல். டிரம் பின்தங்கி, பிறகு பாய்ந்து வந்தது. சூப்பர்வைசரின் கை எழுந்த மறுகணம், நல்ல பெண்ணாக, படக்கென்று லிவரைச் சுழிக்கு இழுத்தாள். உத்தரம் நின்றது. டிரம்முக்கு யார் சொன்னார்கள்? அது முன்னால் போய், சாய்ந்து, பாதித் தண்ணீரைக் கொக்கிக்காரரின் தலையில் கொட்டியது. அவர் மூச்சு முட்டி, "அம்மாடி, குளிச்சுட்டுத்தான் வந்தேன்!" என்று கத்தினார்.

"வேகம்!" என்றார் சூப்பர்வைசர். "வேகம்தான் உனக்கு எமன். மெதுவா, மெதுவா!"

அதன் பிறகு ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். கிரைண்டிங்கில் பக்கத்தில் நிற்கும் அக்கா, "நிதானம் வேணும்டி" என்றாள். வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோத்தபடி, "நான் எத்தனை வருஷமா சொல்றேன்?" என்றார், அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. சரி, மெதுவாக இருப்பது என்று முடிவு செய்தாள். மெதுவாகத் தின்றாள், சோறு ஆறிப்போனது. மெதுவாக நடந்தாள், பின்னால் வந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். மெதுவாகத் தலை வாரினாள், அதற்குள் பேருந்து போய்விட்டது. உள்ளுக்குள் மட்டும் எல்லாம் முன்னைவிட இரண்டு மடங்கு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பரீட்சையில் முதல் பல்லைத் தாண்டவே இல்லை. நத்தை மாதிரிப் போனாள். டிரம் லேசாக ஆடியது போலிருந்தது, பயந்து நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். நிறுத்தினாள். தட்டினாள். நிறுத்தினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஆட்டம் கொஞ்சம் கூடியது, ஊஞ்சலில் குழந்தையை உட்கார வைத்துத் தள்ளித் தள்ளி விடுவது போல. ஆட்டம் கூடக் கூட இவள் இன்னும் ஜாக்கிரதையாகத் தட்டினாள், இன்னும் ஆடியது. வெள்ளைக் கோட்டுக்கு வரும் முன்பே தண்ணீர் இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் என்று வழிந்துகொண்டிருந்தது. கொக்கிக்காரர் இந்தத் தடவை முன்கூட்டியே தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஏணியில் இறங்கி வந்தவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "வேகமாப் போனாலும் சிந்துது, மெதுவாப் போனாலும் சிந்துது. அப்ப நான் என்னதான் சார் செய்யணும்?"

"ஆடினா துரத்தணும்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"ஆட்டத்தை நிறுத்தத்தானே சார் பார்க்கிறேன்?"

"நிறுத்தாத. துரத்து. அது போற பக்கம் நீயும் போ." அவருக்கு அது இருபது வருஷப் பழக்கம், அதற்கு மேல் அவருக்கும் விளக்கத் தெரியவில்லை. "வர்ற திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு. போய் நல்லாத் தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓடுகிற ஒன்றைத் துரத்தினால் அது எப்படி நிற்கும்? நாயைத் துரத்தினால் நிற்கிறதா? பேருந்தைத் துரத்தினால் நிற்கிறதா? பேருந்து முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தவள் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கினாள்.

வீட்டில் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இயற்பியலை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. ஆடி ஆடிப் படிக்கிற பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது, முன்னும் பின்னும் அசைந்துகொண்டே, "திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம், திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம்" என்றாள்.

"அப்படின்னா என்னடி?" என்றாள் அம்மா, வெங்காயத்தை நறுக்கியபடி, வேறு எதையாவது கேட்டால் டிரம் மனசை விட்டுப் போகும் என்று.

"வேகத்தோட எந்தப் பக்கம்ங்கிறதையும் சேர்த்துச் சொன்னா அது திசைவேகம். அது மாறினா முடுக்கம். கேள்வி கேக்கவா? நேரான சாலையில ஒரே சீராப் பறக்கிற காருக்கு முடுக்கம் எவ்வளவு?"

"பறக்குதுல்ல, நிறைய இருக்கும்."

"சுழியம்."

"போடி! கார் அந்த ஓட்டம் ஓடுது, ஒண்ணுமே இல்லைங்கிற?"

"வேகம் மாறலையேம்மா. எவ்வளவு வேகமாப் போனாலும் மாறலைன்னா முடுக்கம் சுழியம். வாத்தியார் தலையில அடிச்சு அடிச்சு சொல்லியிருக்கார்."

"அப்ப மெதுவாப் போற வண்டிக்கு?"

"அதுவும் சீராப் போனா சுழியம். விட்டு விட்டுப் போனா, கிளம்பிக் கிளம்பி நின்னு நின்னு போனா, ஒவ்வொரு தடவையும் முடுக்கம் இருக்கும்."

கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. "விட்டு விட்டுப் போனாவா?"

"ஆமா."

"நிறுத்துறப்ப?"

"அதுவும் முடுக்கம்தான். எதிர்முடுக்கம்னு போட்டிருக்கு."

"அடிப்பாவி! நிறுத்துறதும் முடுக்குறதும் ஒரே சாதியா?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் மனப்பாடம்தானே பண்ணியிருக்கேன்" என்று மகள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அம்மாவுக்கு அன்றைக்குச் சமையலில் மனசில்லை. மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு எத்தனை தடவை கிளம்பி எத்தனை தடவை நின்றிருக்கிறோம்! டிரம்மைத் தொந்தரவு செய்தது வேகம் இல்லை. வேகத்தை மாற்றிய இந்தக் கைதான். இது புரிந்ததும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிளம்பாமலும் நிறுத்தாமலும் ஒரு சுமையை எப்படிக் கொண்டுபோவது? கிளம்பத்தானே வேண்டும், நிறுத்தத்தானே வேண்டும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் குடியிருந்த கட்டிடத்தில் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. கீழே முற்றத்துக் குழாயில் பிடித்து, நீள நடையைக் கடந்து, படி திரும்பி மேலே கொண்டுபோக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள்தான் தூக்குகிறாள். அன்று வாளியை விளிம்பு தளும்ப நிரப்பித் தூக்கிக்கொண்டு வழக்கம்போல வேகமாக நடந்தவள், நடையின் பாதியில் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இவ்வளவு வேகத்தில்! படிக்கட்டுத் திருப்பத்தில் மட்டும், அதே வேகத்தில் சட்டென்று திரும்பியபோது, தண்ணீர் சுவர்ப் பக்கமாகத் தாவிக் குதித்தது. திசை, திசை என்று மகள் கத்தியது இதைத்தானா? வாளியைப் படியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்தாள்.

திரும்பக் கீழே போய் நடையின் முனையில் நின்று, "ஏங்க! கொஞ்சம் இறங்கி வாங்க!" என்று கூப்பிட்டாள்.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு இறங்கி வந்தார்.

"நான் வாளியோட நடந்து வருவேன். நடுவுல நில்லுன்னு சொல்லுங்க."

"இருபது வருஷமா அதைத்தானே சொல்றேன்? எப்ப நின்ன?"

"வம்பு பண்ணாம சொல்லுங்க."

அவள் நடந்து வந்தாள். அவர் முழுத் தொண்டையில், "நில்லு!" என்றார். பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. அவள் இரண்டடி தள்ளி நின்றாள்.

"பார்த்தியா, பார்த்தியா! நிக்கல!" என்று அவர் கதவு திறந்தவரையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. "இன்னொரு தடவை" என்றாள். இந்தத் தடவை அவர் வாய் திறந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றாள். வாளி முன்னால் வீசி, பாதம், பாவாடை, பக்கத்துச் சுவர் எல்லாம் நனைந்தது. தையல்காரருக்குத் தன் ஆயுளில் கிடைத்த வெற்றியை அனுபவிப்பதா, துணி எடுத்து வந்து துடைப்பதா என்று தெரியவில்லை.

"மறுபடியும்" என்றாள். மறுபடியும் நிரப்பினாள், நடந்தாள். அவர் நில்லு என்றதும் இந்தத் தடவை தன் காலையே வேறு யாரோ காலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். முதல் அடியில் நடை தளர்கிறது. கையோடு வாளி முன்னால் வீசுகிறது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது அடி முன்னால் போகிறது, வாளி போன இடத்துக்கே உடம்பும் போய்ச் சேர்கிறது. வாளிக்கு நேராக மேலே கை, கைக்கு நேராகத் தோள். அதன் பிறகு ஆடுவதற்கு வாளிக்கு இடமே இல்லை.

துரத்து என்றாரே, இதைத்தானா!

அவளுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இருபது வருஷமாக இந்தக் கால் இதைச் செய்திருக்கிறது, திட்டு வாங்கியிருக்கிறது, ஒரு வார்த்தை கைக்குச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இரண்டு வாய்ப்பு போன பிறகா?

"என்ன, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. நாளைக்குத் தேறலைன்னா நான் வீட்டுலதான் இருப்பேன், தெரியும்ல? நாள் முழுக்க. உங்க மிஷினுக்கு எதிர்ல."

தையல்காரர் வாளியை வாங்கி அவரே மேலே தூக்கிக்கொண்டு போனார். திருப்பத்தில் நிறையச் சிந்தினார்.

திங்கட்கிழமை கொட்டகையில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வேலை செய்வது போல நின்றார்கள். கொக்கிக்காரர் தலையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு சங்கிலியை மாட்டினார். "தப்பா நினைக்காத தங்கச்சி. வீட்டுல ஒரே சட்டைதான் காஞ்சிருந்தது" என்றார். அவள் சிரிக்க முயன்றாள், இருமல் வந்தது. கிரைண்டிங் அக்கா தூரத்திலிருந்து கையைக் காட்டினாள். ஏணியில் ஏறினாள். நிஜமாகவே பயமாக இருந்தது. இன்றைக்குத் தப்பினால் நாளை அந்தத் தூசிக்கே போக வேண்டும், அல்லது வீட்டுக்கு. இரண்டையும் நினைத்தால் நெஞ்சு ஒன்று போலத்தான் அடைத்தது.

மணி அடித்தாள். முதல் பல். டிரம் லேசாகப் பின்தங்கியது. பொறுத்தாள். அது கயிற்றுக்குக் கீழே வந்து சேர்ந்ததும் இரண்டாவது பல். அதற்கும் பொறுத்தாள். மூன்றாவது பல்.

கீழே சூப்பர்வைசர் டிரம்மோடு கிட்டத்தட்ட ஓடிக்கொண்டே, "மெதுவா! மெதுவா!" என்று பழக்கதோஷத்தில் கத்தினார். உத்தரம் முழு ஓட்டத்தில் ஓடியது. அவள் கூண்டின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். டிரம் நூல் பிடித்தாற்போல நேராகத் தொங்கிக்கொண்டு வந்தது. கூரை விளக்கு ஒன்று தண்ணீருக்குள் முழுசாகத் தெரிந்து, நழுவிப் போய், அடுத்த விளக்கு வந்தது. அந்த ஓட்டத்தில் அவள் உடம்பு அமைதியாக இருந்தது. தறிகெட்டு ஓடுகிறவள் என்று பெயர் வாங்கியவள், ஓட்டத்துக்கு நடுவில் கையைக் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள், இப்படி உட்கார்ந்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

வெள்ளைக் கோடு. சூப்பர்வைசரின் கை எழுந்தது.

அவள் கை லிவரைப் படக்கென்று இழுக்கத்தான் போனது. "ரெண்டடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். மூன்றிலிருந்து இரண்டு. இரண்டிலிருந்து ஒன்று. ஒன்றிலிருந்து சுழி. டிரம் முன்னால் வீசத் தொடங்கியது. கீழே எல்லோரும் மூச்சை இழுப்பது கூண்டு வரைக்கும் கேட்டது. பின்னால் இழு, இழு என்று அவள் உடம்பில் உள்ள ஒவ்வொரு நரம்பும் கெஞ்சியது.

முன்னால் தள்ளினாள்.

"நிறுத்து! ஏய், நிறுத்து!" என்று யாரோ அலறினார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் அலறினார்கள். கொக்கிக்காரர் விரிப்போடு தூணை நோக்கி ஓடினார். உத்தரம் ஒரே ஒரு தடவை முன்னால் நகர்ந்தது. டிரம் வீச்சின் முனைக்குப் போய், திரும்பலாமா என்று யோசிக்கும் அந்த நேரத்தில், கயிறு அதன் தலைக்கு நேராக வந்து சேர்ந்தது. லிவரைச் சுழிக்கு விட்டாள்.

டிரம் நின்றது. ஆட வேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், தண்ணீருக்குள் கூரை விளக்கோடு, சும்மா தொங்கியது.

சூப்பர்வைசர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். கொக்கிக்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "முடிஞ்சுதா?" என்றார். கிரைண்டிங் பக்கமிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

அவள் இறங்கி வந்து சூப்பர்வைசர் எதிரில் நின்றாள்.

"நிறுத்துன்னு கத்தினாங்களே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் நிக்கல?"

"நின்னேன் சார். கொஞ்சம் தள்ளி."

அவர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். மஞ்சள் கோட்டையும் பார்த்தார், வெள்ளைக் கோட்டையும் பார்த்தார். "அதுக்குத்தானேம்மா ரெண்டு கோடு போட்டிருக்கு" என்றார். "நாளையிலேர்ந்து கிரைண்டிங் பக்கம் உன்னை நான் பார்க்கக் கூடாது. காலையில நேரா ஏணிக்கு வா."

அவள் சரி என்று தலையாட்டினாள். அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டபோது அவள் உடம்பிலிருந்த இரும்புத் தூசி மூக்கில் ஏறி, பம்பரம் இருமினாள், இருமிக்கொண்டே சிரித்தாள்.

சாயந்திரம் பட்டறை வாசலைத் தாண்டி வழக்கம்போலப் பேருந்தைப் பிடிக்கப் பாய்ந்து போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் சொல்ல வேண்டும், மகளிடம் சொல்ல வேண்டும், இன்னும் யார் யாரிடமோ சொல்ல வேண்டும்.

"ஏய், நில்லு!"

இரண்டடி தள்ளி நின்று திரும்பினாள். காவலாளி அறை ஓரத்தில் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார், கழுத்தில் இருந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்துபோயிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. ஏன் கூப்பிட்ட இடத்தில் நிற்கவில்லை என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த இரண்டடியை அவரே நடந்து வந்தார்.

"என்னாச்சு?"

"ஒரு சொட்டுகூடச் சிந்தலைங்க."

அவர் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இது?"

"இது வேற" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, பஸ் வருது."